செத்த காலேஜும் செஞ்சிக் களஞ்சியமும்

1

எழும்பூர் மியூசியத்துக்குச் சென்னை ஜனங்கள் வைத்திருந்த பெயர் 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்'. 1851ல் எட்வர்ட் பால்ஃபர் பொறுப்பில் தொடங்கிய அந்த மியூசியம், 1855ல் தன் வளாகத்திலேயே உயிருள்ள மிருகங்களையும் வைத்துக்கொண்டது. பிறகு அவை வேறு இடம் போயின. பட்டணம் பார்க்க வந்த கிராமத்தான் இரண்டையும் பார்த்துவிட்டு, இரண்டுக்கும் இந்தப் பெயர்களைச் சொல்லிக்கொண்டு ஊர் திரும்பினான். இதை வேடிக்கை என்று ஒதுக்கிவிட முடியவில்லை. ஒரு ஸ்தாபனத்தைப் பற்றி அதன் பார்வையாளன் இரண்டு சொற்களில் செய்த விமர்சனம் அது. புலி செத்தால்தான் இந்தக் கட்டிடத்துக்குள் வர முடியும் என்று அவனுக்குப் புரிந்திருக்கிறது. புலிக்கு அது சரி. உலக்கைக்கும் முறத்துக்கும் கூடவா அப்படி என்பது என் கேள்வி.

சென்ற வருஷம் முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவுக்குப் போயிருந்தேன். 1984ல் ஏற்பட்ட மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் 1996ல் திறந்த இடம். லாரி பேக்கர் வடிவமைத்த வளாகம். செட்டிநாட்டு வியாபாரியின் வீடு, நெசவாளர் வீடு, குயவர் வீடு, கேரளத்து சிரியன் கிறிஸ்தவர் வீடு என்று தென்னாட்டின் பழைய வீடுகளை அந்தந்த ஊரில் பிரித்துக் கொண்டுவந்து இங்கே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். அரண்மனையைக் காப்பதற்கு ஆயிரம் பேர் வருவார்கள். குயவன் வீட்டைக் காக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றுவது சிறிய விஷயமல்ல. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

என்னுடன் அம்மாவும் வந்திருந்தாள். ஒரு வீட்டின் பின்கட்டில் ஆட்டுக்கல்லைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "நம்ம வூட்டுல இது கொல்லையில குப்புறக் கெடக்குது. இங்க டிக்கெட்டு வாங்கிக்கினு வந்து பாக்கறோம்" என்றாள். பிறகு குனிந்து குழவியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். அரைச் சுற்றிலேயே யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்து, கையை எடுத்துக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை. தொடக்கூடாது என்று எழுதிப் போட்டிருக்கவுமில்லை. நாற்பது வருஷம் அந்தக் கல்லோடு மாரடித்தவளுக்கு அங்கே அதைத் தொட உரிமை இல்லை என்று எப்படித் தோன்றியது? செத்த காலேஜ் என்று பெயர் வைத்தவனுக்கு இதற்குப் பதில் தெரிந்திருக்கும்.

2

அன்றாட வாழ்க்கையை மியூசியத்தில் வைக்கும் யோசனை நம்முடையதல்ல. 1891ல் ஆர்தர் ஹசேலியஸ் ஸ்வீடன் நாட்டுக் குடியானவர் வீடுகளை ஸ்டாக்ஹோமில் ஒரு மேட்டுக்குக் கொண்டுவந்து ஸ்கான்சென் என்ற திறந்தவெளிக் காட்சிசாலையைத் தொடங்கினார். ஆலைகள் வந்து பழைய கிராமம் குலைந்துகொண்டிருந்த காலம். ஒரு வாழ்க்கை முடிகிறது என்ற பிரக்ஞை வந்த பிறகுதான் அதன் கரண்டியும் தொட்டிலும் சேகரிக்கத் தகுந்தவையாகின்றன. பாரிஸில் 1937ல் ஜார்ஜ் ஹென்றி ரிவியேர் நாட்டார் கலைகளுக்கென்று ஏற்படுத்திய தேசிய மியூசியம், 2005ல் மூடப்பட்டது. அதன் சேகரிப்பு மார்செய் நகரத்தில் 2013ல் திறந்த வேறொரு மியூசியத்துக்குப் போய்விட்டது. மியூசியங்களும் சாகின்றன.

நம் நாட்டில் இதன் ஆரம்பம் இன்னும் சங்கடமானது. எழும்பூர் மியூசியத்தின் பொறுப்பில் 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், சாதாரண ஜனங்களின் பழக்கவழக்கங்களையும் பண்டங்களையும் அக்கறையோடு சேகரித்தவர். 1909ல் வெளிவந்த ஏழு தொகுதிகள் இன்றைக்கும் ஆராய்ச்சிக்காரர்கள் மேஜையில் இருக்கின்றன. அவரே மியூசியம் பார்க்க வந்தவர்களை உட்காரவைத்து, கருவி கொண்டு தலையையும் மூக்கையும் அளந்தவர். பார்க்க வந்தவனே காட்சிப்பொருள். ஒருவனுடைய அன்றாடத்தின் மீது ஏற்பட்ட கவனமும் அவனை வகைப்படுத்திக் கட்டத்தில் அடைக்கும் ஆசையும் ஒரே அறையில், ஒரே மனிதரிடத்தில் பிறந்திருக்கின்றன.

தர்ஸ்டனைக் குறை சொல்லும் யோக்யதை எனக்கு எவ்வளவு என்று தெரியவில்லை. நானும் அளக்கிறவன்தான். செஞ்சியில் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா. நகைக்கடன் மேஜையில் உட்காரும் நாட்களில் ஒரு மியூசியம் தினமும் என் முன்னால் கடந்துபோகிறது. ஒருநாள் ஒரு கிழவி முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு பழைய நகைகளை வைத்தாள். மேல்காதில் போடுவது. மாமியாருடையதாம். மதிப்பீட்டாளர் உரசிப் பார்த்தார். உள்ளே அரக்கு, அதற்கு இவ்வளவு கழிவு என்றார். மொத்த எடை, நிகர எடை. நான் 'காதணி 2' என்று எழுதினேன்.

"இதுக்கு இன்னா பேரு ஆயா?" என்று கேட்டேன்.

"கொப்பு. இதுகூடத் தெரியாதா தம்பி உனக்கு?"

தெரியாது. ஆங்கில இலக்கியத்தில் பட்டம் வாங்கியவனுக்கு, பாட்டி காதில் எந்த இடத்தில் எது தொங்கியது, எதற்கு என்ன பெயர் என்று தெரியாது. மீட்கப்படாத நகை ஏலத்துக்குப் போகும். பழைய வேலைப்பாடு என்றால் எடுப்பவர் பெரும்பாலும் உருக்கத்தான் எடுப்பார். பெயர் போய், வடிவம் போய், எடை மட்டும் மிஞ்சும். எடையை அழியாமல் காப்பாற்றுவதில் எங்களுக்கு ஈடு கிடையாது.

மியூசியம் வடிவத்தைக் காப்பாற்றுகிறது. வங்கி எடையைக் காப்பாற்றுகிறது. கொப்பை நாளைக்கு ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்து, கீழே பெயரும் எழுதிவிட்டால் என் மனக்குறை தீர்ந்துவிடுமா? செஞ்சிக்கு ஒரு நாட்டார் மியூசியம் வேண்டும் என்று ஒரு நண்பர் சில காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்கு உடனே 'ஆமாம்' என்று சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் தேடித்தான் இந்தக் கட்டுரை.

3

செஞ்சிக்கு இருக்கும் சரித்திரம் கைமாறிய சரித்திரம். ஆடு மேய்த்த ஆனந்தக் கோன் புதையல் கண்டு மலைமேல் கோட்டை எழுப்பினான் என்ற கதையில் தொடங்குகிறது. பிறகு நாயக்கர்கள், 1649ல் பிஜாப்பூர் சுல்தான், 1677ல் சிவாஜி, 1698ல் முகலாயர், 1750ல் பிரெஞ்சுக்காரர், 1761ல் ஆங்கிலேயர். வந்தவர்களில் சிலர் ஊருக்குப் பெயரையும் மாற்றினார்கள் - பாதுஷாபாத், நுஸ்ரத்கட் என்று. அந்தப் பெயர்கள் ஜனங்கள் வாயில் நிற்கவில்லை. 1597ல் இங்கே வந்த பிமெந்தா என்ற ஏசு சபைப் பாதிரியார், லிஸ்பனைத் தவிர்த்தால் போர்ச்சுக்கல்லின் எந்த நகரத்தையும்விடப் பெரியது என்று எழுதிவைத்தார். சி. எஸ். சீனிவாசாச்சாரி 1943ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மூலம் வெளியிட்ட ஆங்கில நூல் இதையெல்லாம் சிரத்தையாகத் தொகுத்திருக்கிறது. அதன் தலைப்பே செஞ்சியும் அதன் அரசர்களும் என்றுதான் இருக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, 'மராட்டியர் ராணுவ நிலவெளிகள்' என்ற தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில்; பன்னிரண்டாவது செஞ்சி. மராட்டியர் இங்கே இருந்தது இருபத்தொரு வருஷம். கௌரவம் வந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் யார் பெயரில் வந்தது என்று பார்த்தால் மறுபடியும் கைமாறிய கதைதான்.

கோட்டைக்குப் போகிறவர்கள் கல்யாண மகாலையும் ராஜகிரி உச்சியையும் பார்க்கிறார்கள். நான் ராஜகிரி அடிவாரத்துக் களஞ்சியத்துக்குள் போய் நிற்பதுண்டு. பீப்பாயைக் குறுக்கே பிளந்து கவிழ்த்ததுபோல வளைந்த கூரை. தடித்த சுவர். உள்ளே வெயில் எட்டாத குளிர்ச்சி, வௌவால் வாடை. பேசினால் குரல் திரும்பி வருகிறது. கிருஷ்ணகிரியில் எண்ணெய்க்கும் நெய்க்கும் என்று தனித்தனியே தொட்டிகள் கட்டியிருக்கிறார்கள். இந்த ஊரின் அன்றாட வாழ்க்கை மியூசியம் ஏற்கனவே இங்கேதான் இருக்கிறது, காலியாக.

1690ல் ஜுல்பிகர் கான் முற்றுகை போட்டான். உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். முற்றுகை எட்டு வருஷம் இழுத்தது. இடையில் வெளியே முற்றுகையிட்ட முகலாயப் பாளையத்திலேயே தானியம் கிடைக்காமல் பட்டினி வந்து, 1693ல் வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று. இவ்வளவும் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் படைகள் தின்ற நெல் எந்த ஊர்க் களத்திலிருந்து போனது? எத்தனை கலம்? எந்த மரக்காலால் அளந்தார்கள்? எண்ணூறு அடி உயர மலைக்குமேல் அதைத் தலையில் சுமந்து ஏறியவன் எந்தச் சேரிக்காரன்? அவன் வீட்டில் அந்த எட்டு வருஷம் என்ன கொதித்தது? கல்யாண மகாலில் மேல்மாடி வரைக்கும் மண்குழாயில் தண்ணீர் ஏற்றினார்கள் என்று வியக்கிறோம். அந்தக் குழாயைச் சுட்ட குயவனுக்குக் கோட்டைக்குள்ளே வீடு இருந்ததா என்று கேட்பதில்லை. மரக்காலும் படியும்கூட 1956ல் வந்த மெட்ரிக் அளவைச் சட்டத்துக்குப் பிறகு மெதுவாகக் கொல்லைப்புறத்துக்குப் போய்விட்டன. ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில்.

கோட்டைக்குள் இருக்கும் வெங்கட்ரமணர் கோயில் தூண்கள் சிலவற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். இன்று கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை அவைதான். அவற்றின்மேல் சாய்ந்து ஜனங்கள் காற்று வாங்குகிறார்கள். கொள்ளையடித்த பொருள்தான், ஆனால் கம்பிக்குப் பின்னால் நிற்கும் எத்தனையோ தூண்களைவிட அவற்றுக்கு மனித சகவாசம் அதிகம். இது நியாயம் என்று சொல்லவில்லை. பொருளின் விதி அதைக் காப்பாற்ற நினைப்பவர்கள் கையில் மட்டும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

4

எழுதப்பட்ட சரித்திரம் ஒருபுறம் இருக்க, ஜனங்கள் தாங்களே எதை வைத்துக்கொண்டார்கள் என்று பார்க்கலாம். ராஜாதி ராஜன்கள் இத்தனை பேர் வந்துபோன ஊரில், அவர்கள் தேர்ந்தெடுத்தது தேசிங்கு என்கிற தேஜ் சிங்கை. இருபத்திரண்டு வயசுப் பையன். தமிழனுமல்ல, புந்தேல ராஜபுத்திரன். அப்பா சரூப் சிங் 1714ல் இறந்தபிறகு ஆண்டது மாசக்கணக்கில்தான். அதே வருஷம் அக்டோபரில் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் படையோடு சண்டையிட்டுச் செத்தான். சண்டைக்குக் காரணம் கப்பப் பாக்கி. எங்கள் பாஷையில் சொன்னால் வாராக்கடன் விவகாரம். பாக்கி கேட்டார்கள், தரமாட்டேன் என்றான்.

கோட்டையைக் கட்டியவனையும் பிடித்தவனையும் விட்டுவிட்டு, தோற்றவனை ஏன் எடுத்துக்கொண்டார்கள்? வரி கொடுத்தே தேய்ந்துபோன ஜனங்களுக்கு, 'தரமாட்டேன்' என்று ஒருவன் சொன்னது பெரிய விஷயமாக இருந்திருக்க வேண்டும். அவன் அவர்களிடம் வரி வாங்கியவன் என்பது மறந்துபோயிற்று. அவன் கொடுக்க மறுத்தது நினைவில் நின்றது. கதையில் அவனுக்கு உயிர் நண்பன் ஒரு முஸ்லிம். கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து சண்டைக்கு வந்தவன். நீலவேணி என்று ஒரு குதிரை. நண்பனும் குதிரையும் புதைந்த இடமாக நீலாம்பூண்டியைக் காட்டுகிறார்கள். தேசிங்கை எரித்த இடமாகக் கோட்டையில் செட்டிக்குளத்துக் கரையை. வெற்றி பெற்ற நவாப் கட்டிய மசூதியும் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. ஜனங்கள் பாட்டில் அவனை வில்லனாக வைத்தார்கள். மசூதியை ஒன்றும் செய்யவில்லை.

என் தாத்தா 'பெரிய எழுத்து தேசிங்குராஜன் கதை' வைத்திருந்தார். அட்டை கிழிந்து, ஓரம் எண்ணெய் ஏறி, மடித்துக் கட்டிய புத்தகம். கல்லூரியில் ட்ராய் நகரத்து முற்றுகையைப் பாடமாகப் படித்துக்கொண்டு விடுமுறைக்கு வந்த நான் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. செஞ்சியை 'கிழக்கின் ட்ராய்' என்று வெள்ளைக்காரன் சொன்னான் என்பது மட்டும் எனக்குப் பெருமையாக இருந்தது. ட்ராய் நிற்பது கல்லால் அல்ல, பாட்டால் என்று வகுப்பில் எழுதி மார்க்கும் வாங்கினேன். பத்தடி தூரத்தில் தாத்தா ராகம் போட்டு வாசித்துக்கொண்டிருந்தது காதில் விழவில்லை. அந்தப் புத்தகம் இப்போது இல்லை. எடைக்குப் போயிற்று.

5

கூத்தைப் பற்றிப் பேசாமல் செஞ்சியைப் பற்றிப் பேச்சு முடியாது. கோட்டைக்கு மேற்கே மேலச்சேரி, பழைய செஞ்சி. அங்குள்ள திரௌபதி அம்மன் கோயிலைத்தான் திரௌபதி கோயில்களுக்கெல்லாம் முதல் என்று இந்தப் பக்கத்தில் சொல்கிறார்கள். ஆல்ஃப் ஹில்டபெய்டல் என்ற அமெரிக்க அறிஞர் இந்த வழிபாட்டை ஆராய்ந்து 1988ல் வெளியிட்ட முதல் தொகுதிக்கு வைத்த உபதலைப்பு 'செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரத்துக்கு'. நம்மவர் யாராவது வைத்திருந்தால் குருக்ஷேத்திரத்திலிருந்து செஞ்சிக்கு என்று வைத்திருப்போம் - வடக்கிலிருந்துதான் எதுவும் வர வேண்டும் என்பது நம் பழக்கம்.

பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி. படுகளத்தன்று பெரிய மைதானத்தில் துரியோதனன் மண்ணால் செய்யப்பட்டுப் படுத்திருக்கிறான். ஆள் ஏறி நடக்கலாம், அவ்வளவு பெரிய உருவம். பீமன் துரத்த துரியோதனன் ஓட, வேஷக்காரர்கள் அந்த மண் உடம்பைச் சுற்றி வருகிறார்கள். தொடை பிளக்கப்படுகிறது. திரௌபதி கூந்தல் முடிக்கிறாள். பிறகு அந்த உருவம் சிதைகிறது. மண்ணைக் கொஞ்சம் பிய்த்து வீட்டுக்கு எடுத்துப்போகிறவர்களும் உண்டு. அடுத்த திருவிழாவுக்கு மறுபடி புதுமண் குழைக்க வேண்டும். மேல்மலையனூரில் மாசி மாசம் அங்காளம்மனுக்கு நடக்கும் மயானக் கொள்ளையிலும் இதுதான்: குவித்து வைத்தது அத்தனையும் அன்றே கொள்ளை போகிறது.

மியூசியம் பொருளை வைத்துக்கொண்டு செயலை விட்டுவிடுகிறது. படுகளம் செயலை வைத்துக்கொண்டு பொருளை விட்டுவிடுகிறது. அந்த மண் துரியோதனனைக் கண்ணாடிக்குள் வைத்தால், மண் இருக்கும், துரியோதனன் இருக்க மாட்டான். ஆகவே காப்பாற்றுவது என்பதற்கு நம் ஜனங்களிடம் வேறொரு முறை இருந்தது, அது உயிர் காலேஜ் என்று எழுதிவிட்டுக் கட்டுரையை முடித்துவிடலாம். முதலில் அப்படித்தான் முடித்திருந்தேன். ஒரு வருஷத்துக்கு முன் எழுதிய பிரதியில் அதுதான் கடைசி வரி.

அதை அச்சுக்குக் கொடுக்காமல் இருந்ததற்குக் காரணம் மேல்பாதி. செஞ்சி இருக்கும் அதே விழுப்புரம் மாவட்டம். அதே அம்மன் - தர்மராஜா திரௌபதி அம்மன். 2023 ஏப்ரலில் கோயிலுக்குள் போன தலித்துகள் தாக்கப்பட்டார்கள். ஜூனில் அதிகாரிகள் கோயிலைப் பூட்டி சீல் வைத்தார்கள். 2024 மார்ச்சில் நீதிமன்ற உத்தரவின்பேரில் பூஜைக்கு மட்டும் திறந்தது. 2025 ஏப்ரலில்தான் தலித்துகள் போலீஸ் பாதுகாப்போடு உள்ளே போய்க் கும்பிட்டார்கள். சபையில் இழுத்துவந்து அவமானப்படுத்தப்பட்டவளின் கோயில் அது. கூத்தில் அவள் கேட்கும் நியாயத்தை ராத்திரி முழுக்க உட்கார்ந்து கேட்டு அழுகிறவர்கள் நடத்தும் கோயில். உயிரோடு இருப்பதில் எது எது உயிரோடு இருக்கிறது என்று பார்க்காமல் 'உயிர்' என்று கொண்டாட முடியுமா?

இதில் நமக்கும் பங்கு உண்டு. 1977ல் கூத்துப்பட்டறை தொடங்கியதிலிருந்து, ந. முத்துசாமியின் கட்டுரைகள் வழியாக, புரிசைத் தம்பிரான்கள் வழியாக, நம் சிறுபத்திரிகை உலகம் கூத்தைக் கண்டுகொண்டது. கண்டுகொண்டது நல்லது, தமிழ் நாடகத்துக்கு அதனால் ஒரு முதுகெலும்பு கிடைத்தது. ஆனால் நம்மில் பலர் அடவையும் கட்டையும் கிரீடத்தையும் பார்த்தோம். களரியைச் சுற்றி யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், யார் எட்டி நின்றார்கள் என்று எழுதவில்லை. அந்த அளவில் நம் கட்டுரைகளும் ஒரு மியூசியம்தான். வேஷம் தெரியும்படி விளக்கு வைத்து, தெருவை இருட்டில் விட்டோம்.

தட்சிணசித்ரா திண்ணையில் டிக்கெட் வாங்கிய யாரும் உட்காரலாம். அந்த வீடு அதன் சொந்த ஊரில், சொந்தத் தெருவில் நின்றபோது அப்படி இல்லை. பெயர்த்து எடுத்ததில்தான் திண்ணை எல்லோருக்கும் பொதுவாயிற்று. செத்தபிறகு வந்த சமத்துவம் என்று கேலி செய்யலாம். அந்தத் திண்ணையில் ஏறவே முடியாமலிருந்தவனின் பேரன் கேலி செய்வானா என்று யோசித்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகவே நண்பருக்கு என் பதில்: செஞ்சியில் மியூசியம் வரட்டும். ஆனால் முறத்தையும் உலக்கையையும் அழகாக மாட்டி வைத்து, இதுதான் நம் பண்டைய எளிய வாழ்வு என்று எழுதுவதாக இருந்தால் வேண்டாம். மரக்காலை வைத்தால், நிலக்காரன் நெல்லை வாங்கும்போது எப்படி அளந்தான், கூலி கொடுக்கும்போது எப்படி அளந்தான் என்றும் சொல்ல வேண்டும். தண்ணீர்க் குடத்தை வைத்தால், அது எந்தக் கிணற்றில் இறங்கலாம், எந்தக் கிணற்றில் இறங்கக்கூடாது என்றும் சொல்ல வேண்டும். களஞ்சியம் காலியாகவே இருக்கட்டும். சுமந்தவர்களைப் பற்றி ஒரு பலகை அங்கே வேண்டும். பெயர்கள் கிடைக்காது. கிடைக்காது என்பதையே எழுதலாம். இதையெல்லாம் சொல்லும் மியூசியத்துக்கு யாராவது பணம் கொடுப்பார்களா என்று நண்பர் கேட்டார். வங்கிக்காரனிடம் கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்த ஆயா வருஷா வருஷம் வருகிறாள். வட்டியைக் கட்டிக் கடனைப் புதுப்பித்துக்கொண்டு போகிறாள்; மீட்கவுமில்லை, ஏலத்துக்கு விடவுமில்லை. இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில். நகை வகைக்கு ஒரு பட்டியல் வருகிறது. அதில் கொப்பு இல்லை. 'இதர' என்று போட்டேன். பிறகு அவளுடைய ரசீதின் பின்பக்கம் பேனாவால் 'கொப்பு, ஒரு ஜோடி, மாமியாருடையது' என்று எழுதிக் கொடுத்தேன்.

"இன்னா தம்பி எழுதின?" என்றாள். படிக்கத் தெரியாதவள். படித்துக் காட்டினேன்.

"அதான் எனக்குத் தெரியுமே" என்று ரசீதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.